கொப்பியில் எழுதிய நன்றிகள்

கனடாவில், ரொறொன்ரோ நகரின் ஸ்காபரோ பகுதியில் நான் பொதி கட்டும் வேலை செய்த களஞ்சியசாலையில், ஒரு மதிய இடைவேளையின்போது, "இந்த நாடு உங்களை ஏற்றுக்கொண்டதே பெரிய விடயம், நீங்கள் நன்றியோடு இருக்க வேண்டும்" என்று உடன் பணியாற்றியவர் ஒருவர் சொன்னார். யாழ்ப்பாணத்துப் பாடசாலையொன்றில் பல்லாண்டுகள் இரசாயனவியல் கற்பித்த எனக்கு, இங்கே ஆசிரியப் பணிக்கான அனுமதி இன்னும் கிடைக்கவில்லையே என்ற ஏக்கத்தைப் பகிர்ந்ததற்குக் கிடைத்த ஆறுதல் அதுதான். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆயினும் வட்டியோடு கேட்கப்படும் கடனைப்போல அந்த நன்றி என்முன் வைக்கப்பட்டது நெஞ்சில் தைத்தது.

அந்த ஒக்ரோபரில் எங்கள் ஆங்கில வகுப்பு ஆசிரியை நன்றி செலுத்தும் நாளைப் பற்றி விளக்கினார். அறுவடைக்காக இறைவனுக்கு நன்றி கூற, ஒக்ரோபரின் இரண்டாவது திங்கட்கிழமையைக் கனடா 1957இல் நிலையாகக் குறித்ததாம். பின்னர், உறங்குமுன் அன்றைய மூன்று நல்ல நிகழ்வுகளையும் அவை ஏன் நடந்தன என்பதையும் எழுதிவரச் சொன்னார். உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் அவர் குழுவினரும் இந்தப் பயிற்சியைச் சோதித்து 2005இல் வெளியிட்டிருந்தனர். ஒரு வாரம் எழுதியவர்களிடம் அதன் நற்பயன் ஆறு மாதங்கள் வரை தெரிந்தது என்பதைப் பின்னர் வாசித்து அறிந்தேன்.

பயிற்சியின் உயிர் அந்த 'ஏன்' என்னும் கேள்வியில்தான் இருக்கிறது. பேருந்து எனக்காக நின்றது என்று எழுதினால் ஒரு வரியோடு முடிந்துவிடும். ஏன் நின்றது என்று யோசித்தால், பனியில் தடுமாறி ஓடிவந்த என்னைப் பக்கக் கண்ணாடியில் கவனித்துக் கதவைத் திறந்து வைத்திருந்த ஓட்டுநர் நினைவுக்கு வருகிறார். என் மகளுக்குக் குளிரங்கி தந்த மாடிவீட்டு அன்ரியைப் பற்றி எழுதியபோது, அவர் வீட்டுக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மனம் வராமல் பயற்றம் பணியாரம் சுட்டு வைத்துக் கொடுத்ததையும் எழுதினேன். அதற்கும் 'ஏன்' என்று கேட்டால் விடை ஸ்காபரோவில் இல்லை. வேலிப் பொட்டுக்குள்ளால் முருங்கைக்காயும் மோரும் கைமாறிய எங்கள் ஒழுங்கையில், வெறும் பாத்திரம் திரும்பி வந்ததை நான் கண்டதேயில்லை. இங்கே மனம் ஊன்றிவிட்டது என்று நான் நம்பத் தொடங்கிய நாட்களின் பக்கங்களிலேதான் அம்மம்மாவின் முற்றம் அதிகம் வருகிறது.

தைப்பொங்கலன்று அது இன்னும் கூடுதலாக வரும். சூரியனுக்கும் மறுநாள் மாட்டுக்கும் நன்றி சொல்லி வளர்ந்த நமக்கு அறுவடை நன்றி புதிதன்று. ஆனால் ரொறொன்ரோவின் தை மாதச் சூரியன் ஏறத்தாழ எட்டு மணிக்குத்தான் எட்டிப் பார்க்கிறது. மின்னடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகியதும் புகை எச்சரிக்கைக் கருவி அலறியது. வெடிச் சத்தமில்லாத பொங்கலே கண்டிருந்த பிள்ளைகள், அதையே வெடியாகக் கொண்டு கைதட்டி ஆர்ப்பரித்தனர். அவர்களோடு நானும் சிரித்தேன். பட்டிப்பொங்கலுக்கு மாலை போட ஒரு மாடு இல்லாத வெறுமை மறுநாள் என்னை வாட்டியது.

இவ்வளவு எழுதியும் வகுப்பறையை இழந்த வலி குறையவில்லை. குறைய வேண்டும் என்றும் நான் எண்ணவில்லை. கரும்பலகை முன் நின்ற கைகள் நாள் முழுதும் பெட்டிகளுக்கு நாடா ஒட்டுவது இந்த நாட்டுக்கும் இழப்பு என்றே உறுதியாக நம்புகிறேன். ஆனால் முன்பு இரவெல்லாம் அந்த ஒன்றையே நினைத்து விழித்திருந்த நான், இப்போது காலையில் எழுந்து அடுத்த படிவத்தை நிரப்புகிறேன். விண்ணப்பத்தை மீண்டும் அனுப்பத் தேவையான சேவைச் சான்றிதழை, ஓய்வுபெற்ற பின்னும் கல்வி அலுவலகத்துக்கு நடையாய் நடந்து பெற்று அனுப்பினார் எங்கள் பழைய அதிபர். நேற்றைய பக்கத்தில் முதலில் எழுதியது அவர் பெயரைத்தான்.