பீன்ஸ் விதையை எடுத்து வைப்பதற்கு முன்

போன முறை எடுத்து வைத்த பீன்ஸ் விதையை விதைக்கலாம் என்று பாட்டிலைத் திறந்தால், அடியில் மாவு மாதிரி தூள். விதைகளில் குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக, வட்ட வட்டமாக ஓட்டை, சிலதில் இரண்டு மூன்று. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது, வண்டு எப்படி உள்ளே போனது என்று ரொம்ப நாள் புரியவில்லை. அது பாட்டிலில் போட்ட பிறகு வந்ததே இல்லை. காய் செடியில் முற்றும்போதே வண்டு அதில் முட்டையிட்டுவிடும், பொரிந்த புழு விதைக்குள் புகுந்து அங்கேயே வளரும், நாம் உரிக்கும்போது விதை பார்க்க நன்றாகவே இருக்கும்.

இதற்கு நல்ல வழி ஃப்ரீசர். மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் இருந்தால் முட்டை, புழு எல்லாம் செத்துவிடும். ஆனால் விதை முழுசாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரம் இருந்தால் அது உறைந்து முளையையே கெடுத்துவிடும். அதனால் எல்லாம் கடைசியில் விதையை நன்றாகக் காயவைப்பதில்தான் வந்து நிற்கிறது.

சமைக்கப் பறிக்கும் பருவம் தாண்டி இன்னும் நாலு முதல் ஆறு வாரமாவது காயைச் செடியிலேயே விடுங்கள். பச்சை போய், மஞ்சளாகி, தோல் சருகாகி, குலுக்கினால் உள்ளே கலகலவென்று சத்தம் வர வேண்டும். மழை வந்துவிட்டால் காத்திருக்காதீர்கள், மஞ்சளான காயோடு செடியைப் பிடுங்கி, காற்றோட்டமான இடத்தில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். உரித்த பிறகு நிழலில் பரப்பி இரண்டு வாரம் உலர்த்துகிறேன், கடும் வெயிலில் போட்டால் முளைப்புத் திறன் குறையும். நகம் வைத்து அழுத்தினால் தடம் பதியக் கூடாது. சந்தேகம் இருந்தால் ஒரு விதையைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். சில்லுச் சில்லாக உடைந்தால் சரி, நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது.

எந்தச் செடியின் விதை என்பதும் முக்கியம். பறித்தது போக மிஞ்சிய காயை விதைக்கு விடும் பழக்கத்தை விட்டுவிட்டேன். நன்றாகக் காய்க்கிற செடிக்கு முதலிலேயே ஒரு நூல் கட்டி, அதில் காய் பறிப்பதே இல்லை. இலை சுருண்டு, திட்டுத் திட்டாக வெளிறிய செடியைத் தொடவே வேண்டாம், தேமல் வைரஸ் விதை வழியாக அடுத்த தலைமுறைக்கும் போகும். ஹைபிரிட் ரகமும் வேண்டாம், அடுத்த விதைப்பில் குணம் மாறிவிடும். சாதாரண பீன்ஸ் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் ரகம் கலப்பது குறைவு.

ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் பாட்டிலைத் திறக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே வெளியே இருக்கட்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த விதைமேல் நீர் கோத்து, இத்தனை நாள் உலர்த்தியதும் வீண். அப்புறம் ரகம், வருடம் எழுதி ஒட்டி, குளிர்ந்த இருட்டான இடத்தில் வைத்தால் மூன்று நாலு வருடம் தாங்கும்.

விதைப்பதற்கு முன் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி ஒரு வாரம் வைக்கிறேன். எட்டுக்கு மேல் முளைத்தால் வழக்கம்போல விதைப்பேன், ஐந்தாறுதான் என்றால் குழிக்கு இரண்டாகப் போடுவேன்.