ஒடுங்கிய எழுத்தும் குறுகிய முகப்பும்

பெயர்ப் பலகை வடிவமைப்பவர்களுக்கு அகலம் எப்போதுமே போதாது. தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் கடை முகப்புகள் குறுகியவை; பெயர்களோ நீண்டுகொண்டே போகும். பலகையில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவை 5:3:2 என்ற விகிதத்தில் அமைய வேண்டும் என்பது தமிழ்நாட்டு அரசின் விதி என்பதால், பெரும்பாலும் அதிக இடம் கேட்கும் தமிழே எல்லாவற்றையும் விடப் பெரிதாகவும் நிற்க வேண்டியிருக்கிறது. அகலம் குறைவாக வரையப்பட்ட, அதாவது ஒடுங்கிய எழுத்துருவின் அருமை எனக்கு இந்த நெருக்கடியில்தான் விளங்கியது.

பிளெக்ஸ் கடைகளில் பலர் சாதாரண எழுத்தையே கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் பக்கவாட்டில் அமுக்கிவிடுகிறார்கள். அப்போது நெட்டுக்கோடுகள் மெலிகின்றன, கிடைக்கோடுகள் பழைய தடிமனிலேயே தங்குகின்றன, சுழிகள் நசுங்குகின்றன. ஒடுக்கமாகவே வரையப்பட்ட எழுத்துருவில், எந்த எழுத்து எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதை வரைந்தவர் தனித்தனியே முடிவு செய்திருப்பார். ‘திருமண மண்டபம்’ என்று அடித்துப் பார்த்தால் இது தெரியும்: ணகரத்தின் சுழியைச் சிறிதாக்கி, வளைவுகளுக்கு நடுவே உள்ள வெள்ளையைக் காப்பாற்றியிருந்தால்தான், சாலையின் எதிர்ப்புறம் நிற்பவர் அதை னகரமாகப் படிக்காமல் இருப்பார்.

எங்கள் ஸ்டுடியோவில் நான் மிகவும் விரும்பும் ஒடுங்கிய எழுத்துரு ஒன்று குறும்புக்காரத்தனமானது. அதில் புள்ளி வட்டமாக இராமல் சாய்சதுரமாக இருக்கும். கொம்பு, பக்கத்து எழுத்தின் தலையைத் தாண்டி எட்டிப் பார்க்கும். மார்கழிக் கச்சேரிச் சுவரொட்டியில் பாடகர் பெயருக்கும், நாடகத் தலைப்புக்கும், ஐஸ்கிரீம் கடைப் பலகைக்கும் இது அவ்வளவு பொருந்தும். நாலைந்து சொற்களுக்கு மேல் போனால் கண் களைத்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

மயிலாப்பூரில் உணவகம் வைத்திருக்கும் ஒருவர், பலகையில் கண்ட இதே எழுத்தில் விலைப்பட்டியலும் வேண்டும் என்றார். “அளவு சிறிதானால் சுழிகள் அடைத்துக்கொள்ளும் சார்” என்று சொல்லி, அச்சிட்டே காட்டினேன். கு, மூ, து போன்ற எழுத்துகளின் கீழ்ப்பகுதி அடுத்த வரியின் புள்ளியில் இடிக்கும். அதைத் தவிர்க்க வரிகளைத் தள்ளி வைத்தால், அகலத்தில் மிச்சம் பிடித்த இடம் உயரத்தில் செலவாகிவிடும். அவருடைய பட்டியலுக்கு, ஏக் டைப் என்ற எழுத்துரு வடிவமைப்பு நிறுவனம் வரைந்து 2022-இல் வெளியான அனேக் தமிழ் என்ற எழுத்துருவைப் பயன்படுத்தினேன். அதன் அகலத்தை 75 முதல் 125 விழுக்காடு வரை நாமே மாற்றிக்கொள்ளலாம்; பதார்த்தப் பெயர்களை இயல்பான 100-இலேயே வைத்தேன்.

உள்ளிருந்து விளக்கெரியும் அக்ரிலிக் பலகையாக இருந்தால் இன்னொரு கவனமும் தேவை. பகலில் அளவாகத் தெரியும் தடித்த ஒடுங்கிய எழுத்து, இரவில் வெளிச்சம் பரவித் தனக்குள் இருக்கும் வெற்றிடங்களை இழந்துவிடுகிறது. அதனால் அத்தகைய பலகைகளுக்கு ஒரு படி மெல்லிய எடையை, அதாவது கோட்டுத் தடிமனைத் தேர்ந்து, எழுத்துகளுக்கு இடையே சற்றுக் கூடுதலாக இடம் விடுகிறேன்.