பாட்டரி இல்லாத புற ஊதா உணரி: வேலூர் ஆய்வகக் குறிப்புகள்

மே 4
கத்திரி இன்று தொடங்கியது. வேலூரை வெயிலூர் என்று கேலி செய்பவர்கள் எங்கள் உலை அறையைப் பார்த்ததில்லை. துத்தநாக அசிட்டேட்டுக் கரைசலில் அலுமினியம் நைட்ரேட்டைச் சிறிதளவு கலந்து, நிமிடத்துக்கு 3000 சுற்று சுழலும் மின்கடத்திக் கண்ணாடியின் மேல் சொட்டுவிட்டுப் படலமாக்கி, 500 டிகிரியில் துத்தநாக ஆக்சைடாகச் சுட்டெடுத்தேன். அதன்மேல் நிக்கல் ஆக்சைடு ஓர் அடுக்கு, கடைசியாக வெள்ளிப் பசைப் பொட்டுகள்.

மே 6
அலுமினியம் மூன்று விழுக்காடு சேர்த்த மாதிரி தோற்றது. இரு இணைதிறனுள்ள துத்தநாகத்தின் இடத்தில் மூன்று இணைதிறனுள்ள அலுமினியம் அமரும்போது ஓர் எலக்ட்ரான் உபரியாகிறது. அந்த உபரி மிகுந்ததால் இருட்டிலேயே மின்னோட்டம் கசிந்தது.

மே 9
ஒரு விழுக்காட்டு மாதிரிக்கு ஒரு வோல்ட் கொடுத்து, 365 நானோமீட்டர் புற ஊதா எல்.இ.டி. ஒளியில் அளந்தேன். விளக்கை அணைத்த பிறகும் மின்னோட்டம் நிமிடக்கணக்கில் இறங்காமல் இழுத்தது. இருட்டில் படலத்தின்மேல் ஒட்டும் ஆக்சிஜன் எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்திருக்கும்; ஒளியில் பிறக்கும் துளைகள் (எலக்ட்ரான் எழுந்துபோன காலி இடங்கள்) அந்த ஆக்சிஜனை விடுவித்துவிட, அது திரும்ப வந்து ஒட்டும்வரை எலக்ட்ரான்கள் அலைந்துகொண்டே இருக்கும். பிறகு மின்னழுத்தத்தைச் சுழியாக்கினேன். மின்னோட்டம் வெகுவாகச் சிறுத்தது, ஆனால் விளக்கு அணைந்ததும் சட்டென விழுந்தது. இரண்டு அடுக்குகளும் தொடும் சந்தியில் தானாக உருவாகியிருக்கும் உள்மின்புலமே எலக்ட்ரானைத் துத்தநாக ஆக்சைடு பக்கமும் துளையை நிக்கல் ஆக்சைடு பக்கமும் பிரித்து அனுப்பிவிடுகிறது. பாட்டரி மிச்சம் என்பதைவிட இந்த வேகமே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மே 12
பதினோரு மணிக்கு மின்வெட்டு. மாதிரியையும் கைமீட்டரையும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். பின்னாலேயே வந்த ஆய்வக உதவியாளர் அண்ணன், "கரண்ட் இல்லாம ஓடும்னு சொன்னீங்க, மீட்டர்ல பாட்டரி இருக்கேம்மா" என்று மடக்கினார். என்னிடம் பதில் இல்லை. கண்ணாடிப் பக்கத்தை வெயிலுக்குக் காட்டியதும் மில்லிவோல்ட் எண்கள் ஏறின. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் சேர்த்து எண்ணுகிறதோ என்ற ஐயத்தில், என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் பிடித்தேன். பாலிகார்பனேட் வில்லை வெளிச்சத்தை விட்டுப் புற ஊதாவை மறிக்கும். எண் சரிந்தது. துத்தநாக ஆக்சைட்டின் ஆற்றல் இடைவெளி, அதாவது அதில் ஓர் எலக்ட்ரானை விடுவிக்க ஒளி தரவேண்டிய ஆற்றல், சுமார் 3.37 எலக்ட்ரான் வோல்ட். ஏறத்தாழ 370 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளிக்கு அதைத் தாண்டும் ஆற்றல் கிடையாது. ஆயினும் எண் சுழிக்கு வரவில்லை.

மே 13
பிழை வில்லையின் ஓரத்தில் இருந்தது. வானம் சிதறடிக்கும் புற ஊதா பக்கவாட்டில் நுழைந்திருக்கிறது. மாதிரியைச் சுற்றிக் கறுப்புக் காகிதக் குழாய் ஒட்டி, குழாயின் வாயில் வில்லையை வைத்து மூடியபோது எண் இருட்டின் அளவை நெருங்கியது. அடுத்ததாக, ஆற்றல் இடைவெளியை அகலமாக்கும் மெக்னீசியத்துக்கான கரைசலை மாலையில் கலக்கி வைத்தேன்.