இறுதியாண்டுப் புள்ளியும் ஆகஸ்ட் 31ஆம் திகதியும்

பல் மருத்துவம் படிக்கப் போகிறேன் என்றதும் ஊரில் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "அப்ப நாலு வருசம் படிச்ச டிகிரி சும்மாவா?" எனக்குப் பின்னால் வருகிற தம்பி தங்கைகள் கேட்பது வேறு. பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் இருந்துகொண்டே வெளிநாட்டுப் பல் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால், அந்தக் கடைசி வருடப் பெறுபேறு கணக்கில் வருமா? எனக்கு வந்தது. ஆனால் நான் நினைத்த இடத்தில் வரவில்லை.

நான் மட்டக்களப்பு, கல்லடி. பாடசாலை இறுதியில் எழுதும் உயர்தரப் பரீட்சையில் உயிரியல் பிரிவு, ஒரு ஏ, இரண்டு பி. இலங்கையில் பல் மருத்துவம் என்றால் பேராதனை. அண்மையில் ஸ்ரீ ஜயவர்தனபுரவிலும் பீடம் வந்திருக்கிறது. எங்கே போவதென்றாலும், உயர்தரப் பெறுபேற்றை வைத்துக் கணிக்கும் இசட் புள்ளிதான் வழி. 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு, மிச்சம் 5 வீதம் மட்டக்களப்பு, அம்பாறை உட்பட 16 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மூன்று வரிசையிலும் என் பெயர் வரவில்லை. கிடைத்தது வெளிமாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் விஞ்ஞானப் பட்டம். அதில் விலங்கியல் சிறப்புக் கற்கை செய்தேன். அங்கே ஃபர்ஸ்ட் கிளாஸ் எடுத்தாலும், அந்த ஜிபிஏயை (சராசரித் தரப்புள்ளியை) காட்டிப் பேராதனைக்குள் போக வழி கிடையாது. அதனால்தான் வெளியே பார்க்க வேண்டி வந்தது.

அமெரிக்காவைப் பற்றி முதலில் விசாரித்தேன். அங்கே பெரும்பாலும் ஒரு பட்டத்தை முடித்துவிட்டுத்தான் பல் மருத்துவத்துக்குப் போகிறார்கள். பொது விண்ணப்பத்தை இறுதியாண்டு தொடங்குவதற்கு முந்திய ஜூன் மாதத்திலேயே அனுப்பத் தொடங்கலாம். ஆகவே தெரிவு செய்கிறவர்கள் பார்ப்பது முதல் மூன்று வருடப் புள்ளிகளையும் டாட் என்கிற பல் மருத்துவ நுழைவுப் பரீட்சையையும். இறுதியாண்டுப் புள்ளி பின்னால் வந்து சேரும். இடம் கிடைத்த பிறகு ஒரேயடியாகச் சறுக்கினால் கொடுத்த இடத்தை மீளப் பெறவும் அவர்களுக்கு உரிமை உண்டு. எனக்கு அந்தக் கதவு வேறு காரணத்தால் மூடியது. டாட் எழுதும் நிலையங்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும்தான். ஒரு பரீட்சைக்காக விசா எடுத்து, விமானம் ஏறி... சரி, விடுவோம். ஆஸ்திரேலியாவில் மெல்பேர்ன், சிட்னி இரண்டிலும் பட்டதாரிகளுக்கான 4 வருடக் கற்கை உண்டு. அங்கே எங்களுக்கு ஆளில்லை, அதனால் ஆழமாகப் போகவில்லை.

இங்கிலாந்தில் அம்மாவின் தம்பி இருக்கிறார். மாமா பணம் தருகிறேன் என்று சொல்லியிருக்காவிட்டால் இந்தக் கதையே இல்லை. வெளிநாட்டு மாணவருக்கு வருடக் கட்டணம் மட்டும் 40,000 பவுணுக்கு மேல். படுவான்கரையில் அப்பாவுக்கு இருந்த வயலில் ஒரு பகுதியும் போனது. புள்ளி இருந்தால் போதும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் கட்டண விபரத்தைப் பார்க்காதவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2023 ஆகஸ்டில் இங்கிலாந்துக் கல்லூரிகள் கேட்கும் நுழைவுப் பரீட்சையான யூகாட்டைக் கொழும்பில் எழுதினேன். இரவு பஸ்ஸில் போய், குளித்துவிட்டு நேரே பரீட்சை நிலையம். இரண்டு மணித்தியாலம் கணினிக்கு முன்னால். உயிரியல், இரசாயனம் எதுவும் கேட்க மாட்டார்கள். வாசித்து விளங்குவது, தர்க்கம், கணக்கு, வடிவங்கள், சூழ்நிலைத் தீர்மானம் இவ்வளவுதான். வெளியே வரும்போதே புள்ளி கையில் கிடைக்கும். அது அந்த ஒரு பருவத்துக்கு மட்டுமே செல்லும். இப்போது எழுதுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: வடிவங்கள் பகுதியை 2025இலிருந்து எடுத்துவிட்டார்கள்.

பல் மருத்துவ விண்ணப்பத்துக்குக் கடைசித் திகதி வழமையாக ஒக்டோபர் 15. யூகாஸ் என்கிற பொது விண்ணப்ப முறை மூலம் ஐந்து தெரிவு தரலாம், அதில் நாலுதான் பல் மருத்துவமாக இருக்கலாம். இந்த இடத்தில்தான் இறுதியாண்டு முதல் தடவை குறுக்கே வந்தது, அதுவும் நான் ஒரு பரீட்சைகூட எழுதாதபோது. பட்டம் முடிக்காத ஆளென்றால், சிபாரிசுக் கடிதம் தருகிறவர் என்ன வகுப்பு எதிர்பார்க்கலாம் என்று எழுத வேண்டும். அங்கே அது வழமை. எங்கள் பல்கலைக்கழகங்களில் யாரும் அப்படி எழுதிப் பழக்கமில்லை.

என் ஆய்வு மேற்பார்வையாளர் நான் கொடுத்த கோரிக்கையை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீர் இன்னும் பரீட்சையே எழுதேல்ல. நான் எப்படி வகுப்புச் சொல்றது?"

"எதிர்பார்ப்புத்தான் சேர். உறுதி இல்ல."

"மூதவை அங்கீகரிக்காத ஒரு விசயத்தில கையெழுத்து வைக்கச் சொல்றீர்."

அவர் சொன்னதில் பிழையில்லை. எங்கள் முறையில் பெறுபேறு என்பது பல்கலைக்கழகத்தின் கல்விச் சபையான மூதவை அங்கீகரித்த பிறகு மட்டுமே பெறுபேறு; அதற்கு முன் வாயால் சொல்வதுகூடக் குற்றம் மாதிரி. நான் செய்தது, அந்த வகுப்புக்கு எவ்வளவு வேண்டும் என்ற கணக்கை அவர் முன்னாலேயே தாளில் போட்டுக் காட்டியதுதான். சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட். முதல் மூன்று வருடத்தில் 90 முடிந்து, ஜிபிஏ 3.22. செகண்ட் அப்பர், அதாவது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு என்றால் 3.30 வேண்டும். 120ஐ 3.30ஆல் பெருக்கினால் 396. கையில் இருப்பது 289.8. மிச்சம் 106.2, அதை 30 கிரெடிட்டுக்குப் பிரித்தால் 3.54. அதாவது இறுதியாண்டில் பி பிளஸ் (3.3) மட்டும் எடுத்தால் காணாது. ஐந்தில் மூன்று பங்காவது ஏ மைனஸ் (3.7) இருக்க வேண்டும். மூன்றாம் வருடத்தில் எனக்கு 3.5க்கு மேல் வந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு சேர் ஒரு வரி எழுதினார்: இப்போதைய போக்குத் தொடர்ந்தால் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு சாத்தியம். "சாத்தியம்" என்றுதான், "நிச்சயம்" என்றல்ல. அது போதுமாக இருந்தது.

இந்தக் கணக்கை எல்லாரும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். இறுதியாண்டு மொத்தத்தில் கால்வாசிதான். "கடைசி வருசத்தில பிடிச்சிரலாம்" என்று விடுதியில் பேசுகிறவர்களை நம்ப வேண்டாம். மூன்று வருடமும் 3.0இல் இருந்தவர் கடைசி வருடம் முழுக்க ஏ (4.0) எடுத்தாலும் 3.25தான், மேற்பிரிவு எட்டாது. மறுபக்கம், முதல் மூன்று வருடம் 3.5 வைத்திருப்பவர் கடைசி வருடத்தில் 2.7க்கு விழுந்தாலும் 3.30இல் நிற்பார். ஆக, இறுதியாண்டு உண்மையில் தீர்மானிப்பது என்னைப் போல் கோட்டுக்குக் கிட்ட நிற்கிற ஆட்களைத்தான்.

நாலு தெரிவில் ஒன்று உடனே மறுத்தது: பட்டம் இருந்தாலும் உயர்தரப் புள்ளியும் வேண்டும், இரண்டு பி போதாது. இது பலருக்குத் தெரிவதில்லை. பட்டதாரி ஆன பிறகும் பதினெட்டு வயதில் எழுதிய பரீட்சையைக் கேட்கும் கல்லூரிகள் அங்கே இருக்கின்றன. விண்ணப்பிக்க முதல் ஒவ்வொன்றினதும் விதியை வாசியுங்கள். இன்னொன்றில் வெளிநாட்டு இடங்கள் மிகக் குறைவு என்று பதில் வந்தது. உண்மைதான், வெளிநாட்டு மாணவருக்குப் பெரும்பாலான கல்லூரிகளில் விரல்விட்டு எண்ணும் இடங்கள்தான். மற்ற இரண்டிலும் இணையவழி நேர்முகம். அங்கே புள்ளியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு அக்காவின் பல் வைத்திய நிலையத்தில் நான் நின்று பார்த்ததைத்தான் கிளறிக் கிளறிக் கேட்டார்கள். வெற்றிலையும் புகையிலையும் போட்டு வாயில் வெள்ளைப் படலத்தோடு வந்த ஒரு ஐயாவை அக்கா எப்படிப் பயமுறுத்தாமல் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார் என்று சொன்னேன். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய் என்பதையும் சேர்த்தேன். அதன் பிறகு உரையாடல் தானாகப் போனது.

2024 மார்ச்சில் ஒரு நிபந்தனை அழைப்பு. நிபந்தனை இரண்டு: இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்குச் சமமான பட்டம், ஐஎல்ட்ஸ் ஆங்கிலப் பரீட்சையில் 7. சான்று ஆகஸ்ட் 31க்குள் போய்ச் சேர வேண்டும். பரீட்சை மேயில், பெறுபேறு ஜூலையில். எல்லாம் சரியாகப் பொருந்தியது.

மே 2ஆம் திகதி நாடு முழுவதும் பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர்கள் பணிப்புறக்கணிப்பில் இறங்கினார்கள். ஜூலை வரை நீடித்தது. ஊழியர்களின் கோரிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பரீட்சை மண்டபம் திறக்கவும் ஆளில்லை. எங்கள் பரீட்சை ஆகஸ்டில் நடந்தது. நான் வாவி நண்டுகளைப் பற்றிய ஆய்வறிக்கையைக் கட்டிக் கொடுத்த வாரம்தான் அங்கே நிபந்தனைத் திகதி முடிந்தது.

புள்ளிக்காக நான் பயந்த அளவுக்குத் திகதிக்காக யாரும் என்னைப் பயமுறுத்தியிருக்கவில்லை. ஜூன் நடுப்பகுதியிலேயே அந்தக் கல்லூரியின் அனுமதிப் பிரிவுக்கு எழுதத் தொடங்கினேன். மூன்று விசயம் அனுப்பினேன்: மூன்று வருட ட்ரான்ஸ்கிரிப்ட் (புள்ளிப் பதிவு), பணிப்புறக்கணிப்பால் பரீட்சை பிந்தியது என்று பதிவாளர் பிரிவின் கடிதம், எப்போது பெறுபேறு வரலாம் என்று பீடாதிபதியின் ஒரு வரி. கெஞ்சவில்லை, கதை சொல்லவில்லை. வழமையாக ஒத்திவைப்பதில்லை, ஆனால் காரணம் உங்கள் கையில் இல்லை என்பதால் 2025க்கு மாற்றுகிறோம் என்று பதில் வந்தது. மாமாவுக்கு அழைத்துச் சொன்னபோது, "அப்ப ஒரு வருசக் காசு மிச்சம் புள்ள" என்று சிரித்தார். மிச்சமில்லை என்பது அவருக்கும் தெரியும்.

பெறுபேறு நவம்பரில் வந்தது. இறுதியாண்டு மட்டும் எடுத்தால் 3.70, மொத்தம் 3.34. ஒரு வருடம் முழுக்கக் கண்முழித்ததற்கு 0.12 கூடியது. ட்ரான்ஸ்கிரிப்டை அனுப்பியதும் நிபந்தனை நீங்கியது. 3.34 என்ற எண்ணை அங்கே யாரும் பார்த்தார்களா என்றே சந்தேகம். "மேற்பிரிவு" என்ற சொல்லைத்தான் பார்த்திருப்பார்கள். 3.60 எடுத்திருந்தாலும் பதில் இதேதான்.

ஒரு வருடம் தள்ளிப்போனதால் இன்னொரு செலவும் வந்தது. ஐஎல்ட்ஸ் இரண்டு வருடம்தான் செல்லும். 2023இல் எழுதியது காலாவதியாக, 2025இல் திரும்ப எழுதினேன். படிப்பு முடித்துத் திரும்பி வந்து இங்கே தொழில் செய்ய இலங்கை மருத்துவ சபையில் பதிய வேண்டும் என்பதையும் இப்போதே மனதில் வைத்திருங்கள்.

இன்னொன்று. இடம் உறுதியானதும் கல்லூரி முதலில் கேட்டது புள்ளி எதையும் அல்ல, ஹெபடைடிஸ் பி தடுப்பூசிப் பதிவை. அது மூன்று ஊசி. வழமையான அட்டவணைப்படி முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் ஆறு மாதம். நான் ஜனவரியிலேயே மட்டக்களப்பில் போடத் தொடங்கியதால் செப்டெம்பருக்கு முன் முடிந்தது. நிபந்தனை அழைப்பு வந்த கையோடு முதல் ஊசியைப் போட்டுவிடுங்கள். பெறுபேறு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.