கிளேட்டன் போனால் நகல் படகைத் தேடுங்கள்

முதலில் வயிற்றெரிச்சல். ஆகஸ்டில், நியூயார்க் மாநிலத்தின் வட எல்லையில் இருக்கும் ஆயிரம் தீவுகள் பக்கம் அறை போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், கொள்ளை. ஆற்றைப் பார்த்த ஜன்னல் என்று பணம் வாங்கிக்கொண்டு குப்பைத்தொட்டியைப் பார்த்த ஜன்னலைக் கொடுத்தார்கள். "என்னங்க, இந்தக் காசுக்கு ஊருக்கே டிக்கெட் போட்டிருக்கலாம்" என்றாள் மனைவி. மறுநாள் கிளேட்டனில், யாருடையதோ புல்வெளியில் காரை நிறுத்த முப்பது டாலர். ரசீது கேட்டதற்குச் சிரித்தார்.

சரி, போகிற வழி, தங்கும் இடம், சாப்பாடு என்று வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வழி சுலபம்: சிராக்யூஸிலிருந்து ஐ-81 நெடுஞ்சாலை பிடித்து வடக்கே ஒன்றரை மணி நேரம். நம்மவர்கள் அலெக்சாண்ட்ரியா பேயில் போல்ட் கோட்டையைப் பார்த்துவிட்டு நயாகராவுக்கு ஓடிவிடுவார்கள். அங்கிருந்து காரில் கொஞ்ச தூரத்தில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது கிளேட்டன். அங்குள்ள ஆண்டிக் போட் மியூசியத்தில் 48 அடி நீள 'பார்டன் மீ' நிற்கிறது. ஜான் ஹேக்கர் வரைந்து, 1940களின் கடைசியில் கட்டிய மஹோகனிப் படகு. வாய் பிளந்து பார்த்தோம். ஆனால் பார்க்கத்தான் முடியும், தொடக்கூடாது.

தொட முடிந்தது வெளியே, படகுத்துறையில். பழம்படகுக் கண்காட்சி நாள் என்பதால் சொந்தப் படகுகளை ஓட்டிக்கொண்டு பலர் வந்திருந்தார்கள். அதில் ஒன்று, முப்பது அடிக்கு ஒல்லியாக, உருண்ட மேல்தளத்தோடு, 'பேபி பூட்லெகர்' படகை அப்படியே பார்த்துக் கட்டியது. அசல், 1924-லும் 1925-லும் அமெரிக்காவின் மோட்டார் படகுப் பந்தயக் கோப்பையான கோல்ட் கப்பை ஜெயித்த படகு. ஜார்ஜ் க்ரௌச் வடிவமைத்தது, காலெப் பிராக் ஓட்டியது. நகலைக் கட்டியவர் ஓய்வுபெற்ற தச்சர். பல குளிர்காலங்களை வீட்டுக் கொட்டகையில் இதற்கே செலவழித்தாராம்.

1924 பந்தயக் கதையை அவர் சொன்னபோது எனக்கே கோபம் வந்தது. டெட்ராய்ட்டில் முதலில் வந்தது கனடாக்காரர் ஹாரி கிரீனிங்கின் 'ரெயின்போ IV'. அதையும் வரைந்தது அதே க்ரௌச்தான்! படகின் அடியில் படி, அதாவது குறுக்கே ஓடும் மேடுபள்ளம், வைக்கக்கூடாது என்பது அன்றைய விதி. படி இருந்தால் அடியில் காற்று புகுந்து, தண்ணீரின் பிடி விட்டு, வேகம் கூடும். க்ரௌச் பலகைகளைக் குறுக்கே, ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற மாதிரி அடித்துவிட்டார். ஒவ்வொரு விளிம்பும் ஒரு குட்டிப் படி. புகார் போய், கோப்பையைப் பிடுங்கி பேபி பூட்லெகருக்குக் கொடுத்துவிட்டார்கள். பின்னாளில் விதி தளர்ந்ததும், இதே தந்திரத்தோடு குதித்துக் குதித்து 1933, 34, 35 என்று மூன்று வருடம் தொடர்ந்து ஜெயித்தது ஜார்ஜ் ரீஸின் 'எல் லகார்ட்டோ'. கிரீனிங் பாவம் செய்தவர், வேறென்ன சொல்ல?

வேலைப்பாட்டுக்கு வருகிறேன். வெள்ளை ஓக் சட்டங்கள், மேலே மஹோகனிப் பலகை. ஒவ்வொரு திருகாணித் தலையையும் ஒரு சின்ன மரமுளை மூடியிருக்கிறது. ஆயிரக்கணக்கான முளைகள், அத்தனையிலும் ரேகை பலகையின் ரேகையோடு ஒரே திசையில் போகிறது. வார்னிஷ் பதினைந்து பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே உப்புத்தாள் தேய்ப்பு. என் பையன் முளைகளை எண்ண ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் ஐஸ்கிரீம் கேட்டான்.

அசலில் ஹிஸ்பானோ-சுயிசா விமான எஞ்சின். இதில் ஷெவர்லே வி8. பழைய படகுகளைச் சீசன் தொடக்கத்தில் தண்ணீரில் ஊறவைத்து, பலகை உப்பி இடுக்கு அடையக் காத்திருக்க வேண்டும். இவர் அடிப்பாகத்துக்கு எபாக்சி பசை போட்டிருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் "அப்போ இது டூப்ளிகேட்தானே" என்று மூக்கைச் சுளித்தார். அசல்தான் வேண்டுமென்றால், எல் லகார்ட்டோ எங்கே இருக்கிறது? ப்ளூ மவுண்டன் ஏரி ஊரில், அருங்காட்சியகத்துக்குள். போய்ப் பார்த்துக்கொண்டே நிற்கட்டும்.

ஏனென்றால் தச்சர் என்னைப் பார்த்து "ஏறுகிறாயா?" என்றார். காசும் கேட்கவில்லை! லைஃப் ஜாக்கெட் மாட்டி உட்கார்ந்தேன். முதலில் மூக்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் எதுவும் தெரியாமல் உறுமியது. அப்புறம் சட்டென்று மூக்கு இறங்கியது, சத்தம் மாறியது, ஆறு தார் ரோடு மாதிரி கெட்டியாகிவிட்டது. ஒரு பெரிய படகின் அலை குறுக்கே வந்தபோது முதுகெலும்பு வரை அடி. இதில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பந்தயம் ஓட்டியவர்கள் மனிதர்களே இல்லை. கரைக்குத் திரும்பியபோது கண்ணில் தண்ணீர், காற்றினால்தான்.

சாப்பாடு பற்றி எழுத இடமில்லை. மீன் வறுவல் பிரமாதம், சைவக்காரர்கள் புளிசாதம் கட்டிக்கொண்டு வாருங்கள். கண்காட்சி வழக்கமாக ஆகஸ்ட் முதல் வார இறுதியில். அறையைத் தெற்கே வாட்டர்டவுனில் போடுங்கள், அரை மணி நேர டிரைவ்தான். காரை ஊருக்கு வெளியே விட்டுவிட்டு நடங்கள், அந்த முப்பது டாலர் மிஞ்சும்.