கரையிலேயே அமர்ந்திருந்த ஆண்டுகள்

குறுக்குத்துறைப் படித்துறையில் நண்பர்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத் தாமிரபரணியில் இறங்கும்போதெல்லாம், பதின்வயதில் சற்றே பருத்திருந்த என் மார்பை மறைப்பதற்காக, சளி பிடித்திருப்பதாகச் சொல்லிக் கரையிலேயே அமர்ந்துவிடுவேன். (சித்திரை வெயிலிலும் எனக்குச் சளிதான்.) பருவ வயதில் ஹார்மோன் மாற்றத்தால் ஆண்பிள்ளைகள் பலருக்கு மார்புத் திசு வளர்வதும், பெரும்பாலும் 6 மாதம் முதல் 2 ஆண்டுகளுக்குள் அது தானே குறைந்துவிடுவதும் இயல்பு என்பதை ஒரு மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன், ஆனால் திசு குறைந்த பின்னும் என் கூச்சம் குறையவில்லை. ‘எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்’ என்ற எண்ணம் எழும்போதெல்லாம், அதற்கு என்ன சான்று என்று நோட்டில் எழுதிப் பார்க்கத் தொடங்கினேன். சான்றுக்கான இடம் பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தது. சென்ற ஆடியில் சட்டையின்றி ஆற்றில் இறங்கினேன், பக்கத்தில் தன் தொந்தியைப் பற்றிய கவலையே இல்லாமல் குளித்துக்கொண்டிருந்த பெரியவர், “தம்பி, சோப்பு இருக்கா?” என்று மட்டும் கேட்டார்.