பாரன் 58-ல ஒத்த இன்ஜின் பழக்கம்: இதுவரைக்கும்

கொஞ்ச மாசமா எக்ஸ்-பிளேன்ங்கிற கம்ப்யூட்டர் ஃப்ளைட் சிமுலேட்டர்ல வேற எதுவும் ஓட்டல, ரெட்டை இன்ஜின் விமானத்துல ஒண்ணு போனா என்ன பண்றதுன்னு அது ஒண்ணுதான். விமானம் சிம்மோடயே வர்ற பீச்கிராஃப்ட் பாரன் 58. ரெண்டு ப்ரொப்பெல்லரும் பைலட் சீட்ல இருந்து பாத்தா வலஞ்சுழியாத்தான் சுத்தும். மூக்கை தூக்கி ஏறும்போது கீழ இறங்குற பிளேடுதான் நல்லா இழுக்கும், அது ரெண்டு இன்ஜின்லயும் வலப்பக்கம், அதனால வலது இன்ஜினோட இழுவை நடுக்கோட்டுல இருந்து இன்னும் தள்ளிப் போயிடுது. இடது செத்து வலது மட்டும் ஓடுனா விமானத்த திருப்பி விடுற சக்தி ஜாஸ்தி. இடதுக்கு கிரிட்டிக்கல் இன்ஜின்னு பேர் வந்தது இதனாலதான்.

ஆரம்பத்துல 5,000 அடிக்கு மேல மட்டும்தான். சிம்மோட ஃபெயிலியர் செட்டிங்ல ரெண்டு இன்ஜினையும் ரேண்டமா விட்டுட்டு பறப்பேன், எது எப்ப போகும்னு தெரியக்கூடாது. இடது போச்சுன்னா மூக்கு இடப்பக்கம் ஓடும், வலது கால் பெடலை அமுக்கி வால்ல இருக்கற ரட்டரால நேராக்கணும், அப்ப எந்தக் கால் சும்மா இருக்கோ அந்தப் பக்கம்தான் செத்த இன்ஜின். மீட்டரை நம்பக்கூடாது, இன்ஜினுக்குள்ள போற காத்தோட அழுத்தத்தை காட்டுற மேனிஃபோல்ட் பிரஷர் முள் செத்த இன்ஜின்லயும் ஒண்ணும் நடக்காத மாதிரி நிக்கும். அப்புறம் ஓடுற இன்ஜின் பக்கம் 2, 3 டிகிரி சாய்ச்சு, டர்ன் மீட்டருக்கு கீழ குழாய்ல ஓடுற பந்து அதே பக்கம் பாதி வெளிய இருக்கிற மாதிரி விடணும். பந்தை நடுவுல வெச்சே பழகுன கைக்கு இது கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா அப்படி வெச்சாத்தான் விமானம் காத்துல பக்கவாட்டா வழுக்காம போகுது, ஏறுற வேகத்துல வித்தியாசம் கண்ணுக்கே தெரியுது.

நான் ரொம்ப நேரம் செலவழிச்சது லீவர்லதான். மிக்சர் (எரிபொருள்-காத்து கலவை), ப்ராப் (ப்ரொப்பெல்லர்), த்ராட்டில் (பவர்) லீவர் எல்லாம் முன்னாடி, இறக்கை ஃப்ளாப்பும் கியரும் (சக்கரம்) மேல, எந்த இன்ஜின்னு கண்டுபிடி, சரிபாரு, ஃபெதர் பண்ணு, அதாவது செத்த இன்ஜினோட பிளேடை காத்தை தடுக்காத மாதிரி திருப்பி நிறுத்து. இதுல "சரிபாரு"ங்கறது செத்ததுன்னு நினைக்கிற பக்கத்து த்ராட்டிலை மெதுவா பின்னாடி இழுக்கிறது, சத்தமும் மூக்கும் மாறலன்னா அதுதான் செத்தது, மாறுச்சுன்னா உடனே முன்னாடி தள்ளிடு. ரெண்டு மூணு செகண்டு வேலை. 1989-ல இங்கிலாந்துல கெக்வொர்த் பக்கத்துல விழுந்த 737-ல இடது இன்ஜின் கெட்டுப்போக வலதை அணைச்சாங்க, 47 பேர் போனாங்க. 2015-ல தைபேல ட்ரான்ஸ்ஏசியா கம்பெனியோட ஏடிஆர் விமானம், அதுல வலது இன்ஜின் பவர் போச்சு, அணைச்சது இடதை, 43 பேர். ரெண்டுமே அனுபவமுள்ள ஆளுங்க ஓட்டுனது. அதனால வேகமா செய்யறத விட்டுட்டு, வாய் விட்டு சொல்லிட்டுத்தான் லீவரை தொடறேன், வீட்ல சிரிக்கிறாங்க, சிரிக்கட்டும்.

ஃபெதர்லயும் ரொம்ப ஆறப்போட முடியாது. இந்த மாதிரி பிஸ்டன் விமானத்துல ஆர்பிஎம் ரொம்ப இறங்கிட்டா உள்ள ஒரு பின் விழுந்து பிளேடை பூட்டிடும், அதுக்கப்புறம் ஃபெதர் ஆகாது. ஃபெதர் ஆகாம காத்துல சும்மா சுத்துற ப்ரொப்பெல்லர் இருக்கே, பிரேக் போட்ட மாதிரி இழுக்கும்.

பாதி பவர் போனா ஏறுற வேகமும் பாதிதான் குறையும்னு நினைக்கத் தோணும். கிடையாது. நேரா பறக்கவே கொஞ்சம் பவர் வேணும், அதுக்கு மேல மிஞ்சுறதுதான் ஏற உதவும், அதனால 80 சதவீதத்துக்கு மேல காணாம போயிடும்னு அமெரிக்க விமானத்துறை அமைப்பான எஃப்ஏஏவோட கையேடே சொல்லுது. இதை பாக்கணும்னே சிம்ல அமெரிக்காவுல இருக்கற ஆஸ்பென் ஏர்போர்ட்டுக்கு போனேன், ரன்வேயே கடல் மட்டத்துல இருந்து 7,800 அடிக்கு மேல, காத்து மெலிசு, சுத்தி மலை. முழு வெயிட்ல கிளம்பி, கியர் மடக்குனதும் இடது போற மாதிரி வெச்சா, ப்ளூ லைன் ஸ்பீடை (ஒத்த இன்ஜின்ல நல்லா ஏற வைக்கிற வேகம்) எவ்வளவு துல்லியமா பிடிச்சாலும் ஏறுற வேகத்தோட முள் கீழதான் காட்டுது. மூக்கை தூக்கி உயரம் பிடிக்கப் பாத்தா ஸ்பீடு சிவப்பு கோட்டுக்கு, அதாவது ஒத்த இன்ஜின்ல விமானத்தை நேரா வெச்சிருக்கக் கூடிய குறைஞ்சபட்ச வேகத்துக்கு வரும், ரட்டர் பத்தாம விமானம் அப்படியே கவுந்துரும். அங்க சரியான பதில் ரெண்டு த்ராட்டிலையும் மூடிட்டு முன்னாடி தெரியற இடத்துல இறங்குறதுதான். இப்பல்லாம் எங்க கிளம்புனாலும் கியர் மேல போறதுக்கு முன்னாடி எது போனாலும் ரெண்டையும் மூடிடுவேன்னு ரன்வேல நிக்கும்போதே சொல்லிட்டுத்தான் த்ராட்டில் தள்றேன்.

சிம்ல கிடைக்காதது கால் வலி. சிவப்பு கோட்டு ஸ்பீடை நிர்ணயிக்கும்போது பெடலுக்கு 150 பவுண்டு வரைக்கும் அழுத்தம் இருக்கலாம்னு விதி, கிட்டத்தட்ட 68 கிலோ, என் பெடல் ஸ்பிரிங் பெருவிரலுக்கே அடங்கிடும். பெடல் இல்லாம கையால முறுக்குற ட்விஸ்ட் ஜாய்ஸ்டிக்ல பழகலாமான்னு கேட்டா வேணாம்னுதான் சொல்வேன், கால் சொல்ற சேதிதான் இதுல பாதி.

அடுத்து ஒத்த இன்ஜின்ல ஐஎல்எஸ் (ரேடியோ வழிகாட்ட ரன்வேல இறங்குறது), மேகம் 300 அடில. கியரை எங்க இறக்கறதுங்கறதுலதான் இன்னும் தெளிவு வரல, கிளைட்ஸ்லோப்பை, அதாவது ரன்வேக்கு சரிஞ்சு இறங்குற ரேடியோ பாதையை, பிடிக்கிற இடத்துல இறக்குனா சரியா வருது, அதுக்கு முன்னாடி இறக்குனா ஸ்பீடு நிக்க மாட்டேங்குது.